கட்டிங் மேசையில் ஒரு தராசு

கேள்வி: கீழக்கரையில் வீட்டு மாடியில் எட்டு மெஷின் போட்டு பனியன் துணியில் டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறோம். திருப்பூர் பார்ட்டி இப்போது ஒவ்வொரு ஆர்டருக்கும் துணி, கழிவு, கரண்ட், தண்ணீர்க் கணக்குக் கேட்கிறார். எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. என்ன செய்வது?

பதில்: கோடு போட்ட நோட்டும் தராசும் போதும். அவர் சரக்கு ஐரோப்பாவுக்குப் போகிறதென்றால் இந்தக் கேள்வி இனி நிற்காது. அங்கே நீடித்த பொருள்களுக்கான சட்டம் 2024 ஜூலை 18 முதல் அமலில் இருக்கிறது. துணிமணிக்கான டிஜிட்டல் பாஸ்போர்ட்டும், அதாவது பொருளின் விவரங்களைக் காட்டும் மின்பதிவும், அதன் வழியாகத்தான் வரப்போகிறது.

முதல் வேலை துணி. ரோலைப் பிரிக்கும் முன் எடை போடுங்கள். உள்ளே இருக்கும் அட்டைக் குழாயின் எடையைக் கழித்துவிடுங்கள். வெட்டி முடித்ததும் பண்டல் கட்டிய பாகங்கள், ஓரப் பிட்டு (கழிவுத் துணி), மறுபடி பயன்படும் முனைத் துணி என்று மூன்றையும் தனித்தனியே நிறுங்கள். ஒரு ரோல் 24.6 கிலோ என்று வையுங்கள். பாகங்கள் 20.4, பிட்டு 3.7, முனைத்துணி 0.4, மொத்தம் 24.5. நூறு கிராம் வித்தியாசம் தூசியும் தராசும் தின்றது, விட்டுவிடலாம். முனைத்துணியைக் கழித்தால் செலவான துணி 24.2 கிலோ. 120 டி-ஷர்ட் வெட்டியிருந்தால் பீஸுக்கு சுமார் 202 கிராம் செலவு, அதில் 170 கிராம்தான் உடம்பில் ஏறும் துணி. தைத்தபின் ரிஜெக்ட் ஆனதைப் பிட்டோடு சேர்க்காதீர்கள். அது தையலின் குறை; பிட்டு மார்க்கரின், அதாவது துணிமேல் பாகங்களை அடுக்கி வரையும் வரைபடத்தின், குறை. இரண்டும் கலந்தால் எதைத் திருத்துவது என்றே தெரியாது.

வித்தியாசம் அரைக் கிலோவைத் தாண்டினால் உடனே கட்டிங் மாஸ்டரைச் சந்தேகிக்க வேண்டாம். பருத்தி காற்றின் ஈரத்தை இழுக்கும். வணிகக் கணக்கிலேயே காய்ந்த எடையில் 8.5 சதவீத ஈரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். திருப்பூரில் காய்ந்த காற்றில் எடை போட்ட ரோல், கடற்காற்று வீசும் மாடியில் இரண்டு சதவீதம் ஏறினாலே 24.6 கிலோவில் அரைக் கிலோ கூடிவிடும். அதனால் அவர்கள் பில்லில் போட்ட எடையை அப்படியே நோட்டில் ஏற்றாமல், உங்கள் தராசில், வெட்டும் அன்றே, முன்னும் பின்னும் நிறுங்கள். உப்புக் காற்றில் தராசும் கெடும். முத்திரையிட்ட ஒரு கிலோ எடைக்கல்லைத் துணியில் சுற்றி வைத்து, வாரம் ஒருமுறை சரிபாருங்கள்.

ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்க்க, வட்டக் கட்டர் இல்லையா? 10 சென்டிமீட்டர் சதுரத்தில், ரோலின் ஐந்து இடங்களில், ஓரத்தை விட்டு உள்ளே வெட்டுங்கள். ஐந்தும் சேர்ந்து 9 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். இதற்கு நகைக்கடைத் தராசு போல் நுண்ணிய தராசு வேண்டும்.

பிட்டுக்கு மூன்று சாக்கு: வெள்ளைப் பருத்தி, சாயப் பருத்தி, லைக்ரா அல்லது பாலியஸ்டர் கலந்தது. லைக்ரா கலந்தால் நாராகப் பிரித்து மறுபடி நூற்பது சிரமம், விலையும் விழும். சாக்கைத் தரையில் வைக்காதீர்கள், பலகை மேல் வையுங்கள். பூஞ்சை பிடித்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

கரண்டுக்கு மெஷின் வரிசைக்கு மட்டும் ஒரு சப்-மீட்டர் போடுங்கள். ஆர்டர் தொடங்கும்போதும் முடியும்போதும் ரீடிங். அயர்ன் பாக்ஸ் தனி வரியில் வரட்டும், அதுதான் அதிகம் இழுக்கும். கிளட்ச் மோட்டார் தைக்காதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும்; செர்வோ மோட்டாருக்கு மாறினால் ரீடிங்கிலேயே குறைவு தெரியும். யூனிட்டைக் கார்பனாக மாற்றும் வேலை பார்ட்டியுடையது, யூனிட்டை மட்டும் கொடுங்கள்.

தண்ணீர்? தைக்கும் இடத்தில் ஏறக்குறைய பூஜ்யம். ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் என்று இணையத்தில் சுற்றும் எண் பருத்தி வயலைச் சேர்ந்தது. அதுவும் பாசனப் பருத்திக்கும் கமுதிப் பக்கத்து மானாவாரிப் பருத்திக்கும் ஒன்றாக இருக்காது. அதை உங்கள் கட்டத்தில் எழுதவே கூடாது.

எடை போட மறந்த ரோலுக்கு முந்தைய ஆர்டரின் எண்ணை நிரப்பாதீர்கள். கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் ‘நிறுக்கவில்லை’ என்று எழுதி, வெட்டியவர் கையெழுத்துப் போடட்டும்.