ஓட்டல் சாப்பாடும் சர்க்கரை ஏற்றமும்: கேள்வி பதில்

(சர்க்கரை நோயாளிகளின் கேள்விகளுக்கு உணவியல் ஆலோசகர் ஒருவரின் பதில்கள்.)

கேள்வி: வேலை காரணமாக வாரத்தில் நான்கு நாள் மதியம் ஓட்டலில்தான் முழுச்சாப்பாடு. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 260 இருக்கிறது. ஓட்டலையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம், சாப்பிடும் வரிசையை முதலில் மாற்றிப் பாருங்கள். பசியோடு உட்கார்ந்து, முதல் குவியல் சோற்றைச் சாம்பாரில் பிசைந்து முடித்த பிறகுதான் பலருக்குப் பொரியல் பக்கம் கை போகிறது. பொரியலையும் கூட்டையும் முதலில் தீர்த்து, மறுபடி ஒருமுறை கேட்டு வாங்கி, பருப்பிலும் கொஞ்சம் சாப்பிட்ட பின் சோற்றைத் தொட்டால், நார்ச்சத்தும் புரதமும் முன்னே போய்விடுவதால் சர்க்கரை மெதுவாக ஏறும். ஒரு கப் சோற்றில், அதாவது சுமார் 150 கிராமில், ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஓட்டல் இலையிலோ மூன்று கப் வெகு சாதாரணமாக விழுந்துவிடும். ஆகவே பரிமாறுபவர் சோற்றுடன் வரும்போதே இலைக்கு மேல் கையை நீட்டி, "ஒரு கரண்டி போதும்" என்று சொல்லிவிடுங்கள், ஏனென்றால் விழுந்த சோற்றை இலையில் விட்டு எழும் மனம் நம்மில் பலருக்குக் கிடையாது (எனக்கும்தான்). சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு அலுவலகம் திரும்புங்கள். உங்கள் மருத்துவர் வேறு இலக்கு சொல்லாதவரை, இரண்டு மணி நேர அளவு 180-க்குள் நிற்க வேண்டும்.

கேள்வி: இரவு இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் 155தான். காலையில் வெறும் வயிற்றில் 210. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டரைச் சந்தேகிக்கும் முன் எண்ணெயைச் சந்தேகியுங்கள். பரோட்டாவிலும் சால்னாவிலும் மிதக்கும் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், மைதாவின் சர்க்கரை நீங்கள் பார்த்த நேரத்தைத் தாண்டி, தூக்கத்தில் ஏறியிருக்கக்கூடும். பிரியாணியிலும் இதே கதைதான். அடுத்த முறை நான்காவது மணி நேரத்திலும் ஒருமுறை குத்திப் பாருங்கள். அல்லது ஒரு பரோட்டாவோடு இரண்டு முட்டை என்று முடித்து, எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரை போடாத பழச்சாறு குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு தம்ளருக்கு மூன்று நான்கு ஆரஞ்சு போகிறது. பழமாகவே ஒன்றைத் தின்னுங்கள்.

கேள்வி: கிளிமிபிரைடு மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு ஓட்டலுக்குப் போனேன். கூட்டத்தால் இடம் கிடைக்கத் தாமதமாகி, கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. என்ன செய்வது?

பதில்: அது தாழ்சர்க்கரையின் அறிகுறி. அந்த மாத்திரை, உணவு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். எனவே வெளியில் சாப்பிடும் நாளில், தட்டு மேசைக்கு வந்தபின் போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அளவு 70-க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கூடவே வோக்லிபோஸும் (மாவுச்சத்தும் சர்க்கரையும் குடலில் செரிப்பதை மெதுவாக்கும் மாத்திரை) சாப்பிடுபவரானால் சாதாரணச் சர்க்கரை தாமதமாகவே வேலை செய்யும் என்பதால், குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.