கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்

அன்புள்ள சார்,

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. டாஸ்மேனியப் புலி. கூண்டுக்குள் அங்கேயும் இங்கேயும் நடக்கிறது, வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறது, உட்கார்ந்து சொறிந்துகொள்கிறது. கலரில் இருந்ததால் சமீபத்தில் எடுத்தது என்றுதான் நினைத்தேன். கீழே படித்தால் இந்த இனமே இப்போது கிடையாது என்று போட்டிருந்தது. ஆறாவது படிக்கும் என் மகள் பார்த்துவிட்டு அழுதாள். எனக்கும் மனசு சரியில்லை. ஆனால் அதேபோல் அழிந்துபோன டோடோ பறவையின் ஓவியத்தை இருவரும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. போட்டோ என்றால் மட்டும் ஏன் இப்படி? என் கணவர், "பக்கத்து ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றே நமக்குத் தெரியாது, எப்போதோ செத்த மிருகத்துக்கு அழுகையா?" என்று கேலி செய்கிறார். இந்த வருத்தத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

ச., முலுண்ட், மும்பை

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் கணவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஓவியத்தை நாம் முழுசாக நம்புவதில்லை. டோடோவை வரைந்தவர்களில் பலர் உயிருள்ள டோடோவைப் பார்த்தவர்களே இல்லை. ஒருவர் வரைந்ததைப் பார்த்து இன்னொருவர் வரைந்தார். போட்டோவில் அந்த வசதி கிடையாது, மிருகம் கேமராவுக்கு எதிரே இருந்தே ஆக வேண்டும். இது எல்லோரும் சொல்வதுதான். எனக்கு இதில் இன்னொரு ஆள்மேல்தான் கண். மிருகம் அந்தப் பக்கம் இருந்தால், இந்தப் பக்கம் ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவர் யார், அங்கே எதற்கு வந்தார் என்று பார்க்க ஆரம்பித்தால் அழுகை கொஞ்சம் அடங்கும். வேறு ஒன்று கிளம்பும்.

நீங்கள் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்வோம். பெயர்தான் புலி, அது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் இருந்த, முதுகில் வரிகள் உள்ள ஒரு பைவயிற்று மிருகம். 1933 டிசம்பரில் அந்தத் தீவின் ஹோபார்ட் நகர மிருகக்காட்சிசாலையில் டேவிட் ஃப்ளே என்ற இயற்கையியலாளர் கூண்டுக்குள்ளேயே போய் எடுத்தது. எடுத்து முடிப்பதற்குள் அது அவரைப் பின்பக்கத்தில் கடித்து வைத்தது. (உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், சிரிப்பாள்.) படம் கறுப்பு வெள்ளைதான், கலர் 2021இல் ஏற்றியது. அந்த மிருகத்தின் மேல் அரசாங்கமே விலை வைத்திருந்தது. ஆடுகளைக் கொல்கிறது என்று சொல்லி 1888 முதல் 1909 வரை வளர்ந்த ஒன்றுக்கு ஒரு பவுண்டு வீதம், குட்டி என்றால் அதில் பாதி, மொத்தம் 2,184 முறை பணம் கொடுத்திருக்கிறார்கள். பிறகு 1936 ஜூலையில் சட்டம் போட்டுப் பாதுகாத்தார்கள். கடைசி மிருகம் அதே வருடம் செப்டம்பர் 7 அன்று இறந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அதோடு முடியவில்லை. கடைசியாக இறந்தது ஒரு வயதான பெண் என்றும், அதன் தோலும் எலும்பும் டாஸ்மேனிய அருங்காட்சியகத்தின் அலமாரியிலேயே இத்தனை காலம் கிடந்தன என்றும் 2022இல் ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். அதை 1936 மே மாதம்தான் காட்டில் பிடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் நீங்கள் பார்த்த வீடியோவில் கொட்டாவி விடுவது அதுவாக இருக்க முடியாது. 'கடைசி' என்ற பட்டம் நாம் பிற்பாடு ஒட்டுவது. படம் எடுத்த அன்று அது ஒரு மிருகம், அவ்வளவுதான்.

குவாகா விஷயமும் இப்படித்தான். உடம்பின் முன்பாதியில் மட்டும் வரிகள் உள்ள, வரிக்குதிரை வகை. உயிரோடு படமெடுக்கப்பட்டது லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருந்த ஒரே ஒரு பெண் குவாகா. இனத்தின் கடைசி உயிர் 1883 ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாமில் போனபோது, அது கடைசி என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அதற்கு அடுத்த மாதம் நம் ஊரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்த படம் அந்தக் கழகத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதைப் பாருங்கள். டாஸ்மேனியா வரை போக வேண்டியதில்லை.

1947. இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் கோரியா சமஸ்தானம். மகாராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் ராத்திரி வண்டியில் போகும்போது மூன்று சிவிங்கிப்புலிகள் (சீட்டா) நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. மூன்றும் ஆண்கள், ஒரே வயது, ஒரே அளவு. முதல் குண்டில் ஒன்று விழுந்தது. இரண்டாவது குண்டு ஒன்றைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் இருந்ததையும் கொன்றது. இந்தியாவில் உறுதியான பதிவு உள்ள கடைசி சிவிங்கிப்புலிகள் இவைதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். செத்த மூன்றும் முன்னால் கிடக்க, துப்பாக்கியோடு மகாராஜா இருக்கும் படம் அது. அதையும் சுட்ட விவரத்தையும் அவருடைய அந்தரங்கச் செயலாளர் கழகத்தின் சஞ்சிகைக்கு அனுப்பி வைத்தார். ஒரே குண்டில் இரண்டு என்றால் அன்றைக்கு அது பெருமை.

ஆசிரியர்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. படித்ததும் குமட்டியது, குப்பைக்கூடையில் எறியத்தான் முதலில் தோன்றியது, பிரசுரிப்பது இந்தச் செயல்மேல் குற்றம் சாட்டத்தானே ஒழியப் பாராட்ட அல்ல என்று எழுதி வெளியிட்டார்கள். இந்த நகரத்தில் எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த குறிப்புகளில் அது ஒன்று. ஒரு மகாராஜாவைப் பற்றி அப்படி எழுதத் தைரியம் வேண்டும்.

அந்தப் படத்தில் எனக்குக் கிடைப்பது சிவிங்கிப்புலியைப் பற்றிய அறிவு இல்லை. கிடக்கிற உடம்பைப் பார்த்து அது எப்படி ஓடியது என்று தெரியாது. அருகில் இருப்பவரின் தோரணைதான் தெரிகிறது. 1952இல் இந்தியாவில் இந்த இனம் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து குனோ காட்டில் விட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அது ஆப்பிரிக்க வகை. நல்லதா கெட்டதா என்பது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

எல்லாப் படமும் கூண்டோ துப்பாக்கியோ என்று சொல்லிவிட முடியாது. 1956இல் மெக்சிகோவின் துராங்கோ மலையில் அமெரிக்கப் பல் டாக்டர் ஒருவர் கோவேறு கழுதைமேல் உட்கார்ந்தபடி ஒரு பெரிய மரங்கொத்தியைப் படம் பிடித்தார். படம் ஆடு ஆடு என்று ஆடும், மொத்தமே 85 விநாடி. அந்த இம்பீரியல் மரங்கொத்தி உயிரோடு அசைவதைக் காட்டும் படம் உலகத்தில் இது ஒன்றுதான். பறவைமேல் ஆசைப்பட்டுப் போன ஆள் என்பது அந்த ஆட்டத்திலேயே தெரிகிறது. எனக்கு இது டாஸ்மேனியப் படத்தைவிட மேல்.

சரி, உங்கள் கணவரின் பக்கத்து ஃப்ளாட்.

எண்பதுகளில் மும்பையில் இருந்தவர்களிடம் மலபார் ஹில் பக்கத்துப் பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றிக் கேளுங்கள். இறந்தவர்களின் உடலைக் கழுகுகள் தின்னட்டும் என்று பார்சிகள் வைக்கும் இடமான டூங்கர்வாடி அவற்றை நம்பித்தான் இருந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலி மருந்து செத்த மாட்டின் உடம்பில் தங்கி, தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து வருடத்துக்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டன. கால்நடைக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். அழியவில்லை, வேறு இடங்களில் கொஞ்சம் மிச்சம் உண்டு. டூங்கர்வாடிக்கு மட்டும் அவை திரும்பவில்லை. இத்தனை வருடம் அவை மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக் கேமராவை எடுத்துப் படம் பிடித்தவர்கள் எத்தனை பேர்? ஃபிலிம் ரோல் விலை அதிகம், கேமரா கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும்தான் வெளியே வரும். அசிங்கமான பறவை என்று வேறு ஒரு பேச்சு. அதனால் அழுவதற்கு வாட்ஸ்அப்பில் வீடியோவும் வரவில்லை.

ஆகவே அவர் கேட்ட கேள்வி சரி, அதை வைத்து உங்கள் மகளைக் கேலி செய்வதுதான் சரியில்லை. பதினொரு வயதில் ஒரு மிருகத்துக்காக அழுதவள் கழுகைப் பற்றிக் கேட்டாலும் காது கொடுப்பாள்.

கோரியா படத்தை அவளுக்குக் காட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டலாம் என்றுதான் சொல்வேன். அந்த ஆசிரியர் குறிப்பையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். யார் இந்த அங்கிள் என்று நிச்சயம் கேட்பாள். கழகம் இன்றும் கோட்டைப் பகுதியில் லயன் கேட் எதிரே, ஹார்ன்பில் ஹவுஸில்தான் இருக்கிறது. முலுண்டிலிருந்து ஃபாஸ்ட் ட்ரெயின் பிடித்து சிஎஸ்எம்டியில் இறங்கினால் நடக்கிற தூரம்.