குதிகால் ஸ்கேன் எடுக்கும் முன் நிறத்தைப் பற்றிக் கேளுங்கள்

தம்பி, மதுரையிலிருந்து கொழும்புக்கு வந்து இரண்டு வாரம், எஃப்.எம்.எஃப். (விட்டு விட்டுக் காய்ச்சலும் வலியும் வரும் மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல்) இருக்கிறது, குதிகால் தசைநாணுக்கு எலாஸ்டோகிராபி (திசு எவ்வளவு விறைப்பு என்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எங்கே எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை, பள்ளிக்கூடம் எல்லாம் இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள், விடுங்கள். பரம்பரையாக வரும் அதே நோய் எனக்கும் உண்டு. 2012-இல் அந்த வலியோடுதான் இங்கே வந்து இறங்கினேன்.

எங்கே எடுப்பது என்பதைவிட எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல தசைநாண் விறைப்பாக இருக்கும், சிதையத் தொடங்கினால் இளகும். அதைத்தான் இந்த ஸ்கேன் காட்டுகிறது. ஆனால் பாதத்தின் கோணம் கொஞ்சம் மாறினாலே அளவும் மாறிவிடும். சென்னையில் எனக்கு எடுத்தது கையால் அழுத்திப் பார்க்கும் முறை, அந்தப் படத்தில் சிவப்பு என்றால் இளகல். இங்கே ஒரு தனியார் இடத்தில் எடுத்தது ஷியர் வேவ், அதாவது இயந்திரம் அனுப்பும் அலையின் வேகத்தை வைத்து அளக்கும் முறை, அதில் சிவப்பு என்றால் விறைப்பு. இரண்டு படத்தையும் அருகருகே வைத்து, சிவப்பு கூடியிருக்கிறது, நோய் முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நாலு மாதம் காலை ஊன்றப் பயந்து கிடந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எந்த முறை, எந்த இயந்திரம், பாதம் எந்த நிலையில் இருந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறையும் அதே இயந்திரத்திலேயே எடுங்கள்.

ஸ்கேனுக்கு அலைகிற அவசரத்தில் இந்த நோய்க்குத் தினமும் எடுக்கும் கோல்சிசின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகத்தில் அமிலாய்டு என்ற கெட்ட புரதம் படியாமல் காப்பது அந்த மாத்திரைதான். இருமலுக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், கோல்சிசின் எடுப்பதை உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் கோல்சிசின் உடம்பில் நச்சு அளவுக்கு ஏறிவிடும். சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கிலும் கவனம், அது குதிகால் தசைநாணையே கிழிக்கக்கூடியது.

நம்மவர்கள் பலர் எதற்கெடுத்தாலும் சென்னைக்கு டிக்கெட் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நோயின் காய்ச்சல் ஒன்றிலிருந்து மூன்று நாளில் தானே இறங்கிவிடும். வலி இருக்கும்போதே பார்க்கக்கூடிய டாக்டர் பக்கத்தில் வேண்டும். இங்கேயே ஒருவரைப் பிடித்துச் 'சனல்' பண்ணுங்கள், நேரம் வாங்குவதற்கு இங்கே அதுதான் பேச்சு.

வந்த மூன்றாம் வாரம், ராத்திரி, கடலோர ரயில் சத்தத்துக்கு நடுவே காய்ச்சலில் சுருண்டு கிடந்தேன். கீழ்வீட்டுச் சிங்கள அம்மா ஏறி வந்து என்னவோ கேட்டார். கணுக்காலைத் தொட்டுக் காட்டினேன். "கக்குல ரிதெனவாத?" என்றார். கால் வலிக்கிறதா என்று அர்த்தம். சிங்களத்தில் நான் கற்ற முதல் வாக்கியம் அது. இப்போது டாக்டரிடம் என் நோய்க்கதை முழுவதையும் சிங்களத்திலேயே சொல்கிறேன்.