மைதானத்து மதிலோரக் கதைகள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எங்கள் ஊர்க் கழகத்தின் 12 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியில் மகன் விளையாடுகிறான், நான் பெற்றோர் குழுவின் செயலாளர். பின்னேரம் பிள்ளைகள் பயிற்சியில் நிற்க, அம்மாமார் மதிலோரம் ஸ்கூட்டியில் இருந்தபடி ஒரே கதை. பயிற்சியாளர் சேர் காசு வாங்கி ஆளெடுக்கிறாராம், ஜேர்சிக் காசு எங்கே போனதாம், செயலாளரின் மகன் என்பதால்தான் அவனுக்கு முதல் அணியில் இடமாம். இரவில் வைபர் குழுவிலும் இதுதான். குழுவை மூடவா, கதைக்கிற ஆட்களைக் கூப்பிட்டு நேரே கேட்கவா?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி. குழுவை மூடினால் உங்களை விட்டுவிட்டு அன்றிரவே இன்னொன்று தொடங்கும். யார் சொன்னது என்று தேடப் போனால் "நான் சொல்லேல்லை, அவதான் சொன்னவ" என்று நாலு வீடு முகம் முறியும், அந்த நாலு வீட்டுப் பிள்ளைகளும் அடுத்த நாள் ஒருவருக்கொருவர் பந்து கொடுக்க மாட்டார்கள்.

முதலில் ஜேர்சிக் காசு. யார் எவ்வளவு தந்தது, கடைப் பற்றுச்சீட்டு, மிச்சம் எவ்வளவு, எல்லாவற்றையும் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். விளக்கம் எழுத வேண்டாம், கணக்கு போதும்.

ஆளெடுப்புத்தான் உண்மையான நோவு. எதைப் பார்த்து எடுக்கிறார் என்று அடுத்த போட்டிக்கு முன்னமே சேரைக் கொண்டு பெற்றோருக்குச் சொல்ல வையுங்கள். இந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்ச நேரமாவது களத்தில் இடம் கிடைக்க வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாதக்கணக்கில் வாங்கில் இருக்கிற பிள்ளையின் தாய் கதைக்கத்தான் செய்வா, அவவில் பிழை சொல்ல முடியாது. கூட்டத்தில் உங்கள் மகனின் தெரிவு பற்றிப் பேச்செடுத்தால் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள், அப்படிச் செய்கிறீர்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியட்டும்.

அப்புறம், யாராவது உங்கள் காதில் வந்து குசுகுசுத்தால், "சேரிட்டைக் கேட்டனீங்களோ? வாங்கோ, இப்பவே ரெண்டு பேரும் போய்க் கேப்பம்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையில் மனத்தாங்கல் உள்ளவர் கூட வருவார், மற்றவர் கதையை மாற்றுவார். தோற்ற சூட்டில் வருகிற முறைப்பாட்டை அந்த இடத்தில் எடுக்காமல், அடுத்த நாள் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மகனையும் கொஞ்சம் கவனியுங்கள், "உன்ர அம்மாவாலதான் நீ டீமில" என்று எந்தப் பெடியனாவது அவனுக்குச் சொல்லியிருக்கக்கூடும். அவன் முன்னால் மற்ற அம்மாமாரைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.

ஆனால் சேரோ வேறு பெரியவர் யாரோ ஒரு பிள்ளைக்கு அடித்தார், தனியே கூப்பிட்டார், தொட்டார், இரவில் மெசேஜ் அனுப்பினார் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் அதை ஊர்க்கதை என்று தள்ளவே கூடாது. கழகத்தின் பெயர் கெடும் என்று மூடி வைப்பதும், நீங்களே விசாரிக்கத் தொடங்குவதும் அந்தப் பிள்ளைக்குத்தான் கேடு. உடனே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போங்கள்.