நான் நரம்பியல் படிக்க ஆசைப்படுவதற்கு ஒரு அலுமாரிக் கண்ணாடிதான் காரணம்

கேள்வி: மருத்துவம் படிக்கப் போகும் மாணவராக உங்கள் கனவு என்ன? நரம்பியல், சமூக சேவை, புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது, இந்த மூன்றையும் ஒருவரே சேர்த்துச் செய்ய முடியுமா?

பதில்:

மருத்துவத்துக்கு முன்னால் நாலு வருடம் வேறொரு பட்டம் படிப்பது அமெரிக்க வழக்கம். இலங்கையில் அப்படி இல்லை. உயர்தரப் பரீட்சையில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் எழுதி, இசட் புள்ளி என்ற தரப்படுத்திய புள்ளி வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் நேரே மருத்துவ பீடம்தான். எனக்குப் பெறுபேறு வந்துவிட்டது, பீடம் இன்னும் கூப்பிடவில்லை. கிளிநொச்சியில் பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு காத்திருக்கிறேன். ஆகவே இதை ஒரு டொக்டரின் பதிலாக எடுக்க வேண்டாம்.

ஏன் நரம்பியல் என்று கேட்டால் என் மாமாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

2009இல் எனக்கு நாலு வயது. அந்த வருடத் தொடக்கத்தில் ஷெல் விழுந்து மாமாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அந்த நாட்கள் எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமிருப்பது மீள்குடியேறி வந்த பிறகு, முரசுமோட்டையில் தகரக் கொட்டில் ஒன்றில் அவர் இரவில் போட்ட சத்தம். "பெருவிரலை ஆரோ முறுக்கிப் பிடிச்சிருக்கிறாங்கள், விடச் சொல்லு" என்பார். எந்தப் பெருவிரல்? அது இருந்த கால்தான் இல்லையே. அம்மம்மா திருநீறு போட்டா. பக்கத்து வளவுக்காரர், கால் புதைத்த இடத்தில் ஏதோ குறை என்றார். ஒரு கிளினிக்கில் இருந்த டொக்டர், "இல்லாத காலில் என்ன வலி, யோசிக்காமல் படுங்கோ" என்று சொல்லி வலிமாத்திரை எழுதிக் கொடுத்தாராம். மாமாவுக்கு மற்ற எல்லாவற்றையும் விட அந்தச் சொல்தான் வலித்தது. அதற்குப் பிறகு அவர் வலியைப் பற்றி யாரிடமும் கதைப்பதில்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

உயர்தரம் படிக்கும்போதுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பதே தெரிய வந்தது. மாய உறுப்பு வலி என்கிறார்கள். அந்த மாய உறுப்பு என்ற சொல்லை 1871இல் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் எழுத்தில் கொண்டுவந்தார். அவர் பார்த்தவர்களும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்கள்தான். மூளையில் உடம்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. கால் போனாலும் வரைபடத்தில் காலின் இடம் அழிவதில்லை. மூளை 'விரலை நீட்டு' என்று கட்டளை அனுப்புகிறது, நீட்டியதாகப் பதில் எதுவும் வருவதில்லை. முறுக்கிய விரல் முறுக்கியபடியே நிற்கிறது. இது ஒரு விளக்கம்தான், வெட்டப்பட்ட நரம்பின் நுனியும் தன் பங்குக்குத் தொல்லை கொடுக்கும் என்கிறார்கள்.

1990களில் வி. எஸ். ராமச்சந்திரன் இதற்குக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஒரு பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். இருக்கிற கையின் விம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்து அசைக்கச் சொன்னார். வராத பதிலைக் கண் கொண்டுபோய் மூளையிடம் கொடுக்கிறது. 2007இல் அமெரிக்காவில் கால் இழந்த 22 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். நாளுக்கு 15 நிமிடம், 4 கிழமை. கண்ணாடி பார்த்த குழுவில் எல்லாருக்கும் வலி குறைந்தது. அதில் எனக்கு மனதில் நின்றது வேறொரு வரி: இரண்டு பேருக்கு, முழுக் காலைக் கண்டதும் துக்கம் வந்துவிட்டது.

கிளிநொச்சியில் பிசியோதெரபி செய்யும் ஒரு அக்காவிடம் முதலில் கேட்டேன். "செய்து பார், ஆனால் வலி கூடினால் உடனே நிறுத்து, தனியே விடாதே" என்றா. ஊரில் தச்சு வேலை செய்யும் அண்ணை, உடைந்த அலுமாரிக் கதவிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, விளிம்பைத் தேய்த்து, அடியில் இரண்டு மரக்கட்டை பூட்டித் தந்தார். பாயில் மாமாவை இருத்தி, கண்ணாடியை இரண்டு தொடைகளுக்கும் நடுவே நீட்டுக்கு நிறுத்தினேன்.

"என்ன பிள்ளை, இல்லாத காலுக்கு அலங்காரமோ?" என்றார். பிறகு இடது கால் விரல்களை மெதுவாக விரித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அப்புறம் மாமியையும் என்னையும் வெளியே போகச் சொன்னார். பிசியோ அக்கா தனியே விடாதே என்று சொன்னதால் நான் கதவடியில் நின்றேன். உள்ளே அழுதாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

முதல் கிழமை ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் கிழமை, பெருவிரல் "கொஞ்சம் விட்டுக் குடுத்திட்டுது" என்றார். இப்போதும் மழை இரவுகளில் வலி வருகிறது. ஆனால் காலபோகத்துக்கு வயல் விதைத்த நாட்களில் தொடர்ந்து நாலு இரவு நித்திரை கொண்டார், அதை மாமி எண்ணி வைத்திருக்கிறா.

புதுமை என்ற சொல் எனக்கு இந்த அளவில்தான் புரியும். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலும் இப்படித்தான். 1968 அளவில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பியல் மருத்துவரும் சேர்ந்து செய்தது. சேற்றில் இறங்கலாம், குந்தி இருக்கலாம், சப்பாத்து இல்லாமல் நடக்கலாம். வெளிநாட்டுக் கால்களை வடிவமைத்தவர்கள் வயலில் குந்தியிருக்கத் தேவையில்லாதவர்கள். சர்மா பெரிய படிப்புப் படித்தவர் இல்லை, ஆனால் நம் ஆட்கள் எப்படி இருப்பார்கள், எப்படி நடப்பார்கள் என்று தெரிந்தவர். வன்னியில் ஒரு நரம்பியல் டொக்டருக்கு நல்ல தச்சன் ஒருவரின் தொலைபேசி எண்ணும் வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

சமூக சேவை என்ற சொல்லில் எனக்குச் சலிப்பு உண்டு. சக்கர நாற்காலி கொடுப்பதற்கு பதாகை கட்டிப் படம் எடுத்துவிட்டுப் போவார்கள், ஆறு மாதத்தில் சில்லு உடைந்தால் திருத்த ஆளில்லை. நான் இப்போது செய்வது சின்ன வேலை. ரியூசன் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தடவை வலிப்பைப் பற்றிச் சொல்கிறேன். கையில் இரும்பு, திறப்பு எதுவும் கொடுக்காதே, வாய்க்குள் ஒன்றும் வைக்காதே, பக்கவாட்டில் சரித்துப் படுக்க வை, ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைப்பு எடு. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களோடு சண்டை பிடிக்கிறார்களாம். நல்லது.

சரி, மூன்றையும் சேர்த்துச் செய்ய முடியுமா? எனக்குத் தெரிந்த தடை காலம்தான். ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, பிறகு கொழும்பில் பட்டமேற்படிப்பு நிறுவகத்தின் சோதனை, எம்.டி., அதற்கும் மேலே பயிற்சி. வெளிநாடும் போய் வர வேண்டும். போனவர்கள் திரும்பி வராததை ஊரில் எல்லாரும் எனக்கு ஞாபகப்படுத்துகிறார்கள். நான் வருவேன் என்று இப்போதே சத்தியம் செய்தால் அது வெறும் வாய்ப்பேச்சு. காத்திருக்கிற காலத்தில் இன்னும் நாலு கண்ணாடி செய்யலாம் என்பது மட்டும் நிச்சயம்.

போன மாதம் விசுவமடுவிலிருந்து ஒருவர் விசாரித்து வந்தார். அவருக்கு இரண்டு காலும் இல்லை. கண்ணாடியில் காட்ட ஒரு கால் வேண்டுமே என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப என்ர மகன்ர காலைப் பார்த்தால் சரிவராதோ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு தேடினேன். அவர் கேட்டதையே அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு காலும் இழந்தவர்கள் இன்னொருவரின் கால் அசைவதைப் பார்த்து, தங்கள் கால் அசைவதாக நினைத்தபோது வலி குறைந்திருக்கிறது. அடுத்த நாளே அவருக்கு அழைப்பு எடுத்துச் சொன்னேன்.

மகனுக்கு ஏழு வயது. அவனைப் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருத்துவது எப்படி என்றுதான் இப்போது இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.