ஆயிரம் ஃபைல், ஒரே ரெஜிஸ்டர்

கேள்வி: ஆட்டோமேட்டா (உள்ளீட்டை ஒவ்வொன்றாகப் படித்து, ஏற்கவோ மறுக்கவோ செய்யும் கணித இயந்திரங்கள்) பாடத்தில் அவை படிக்கும் எழுத்துகள் எப்போதும் ஒரு சிறு பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன. நிஜத்தில் ஒரு சர்வர் ஓய்வில்லாமல் புதுப்புது ஃபைல்களைத் திறந்துகொண்டே இருக்கிறதே! அதற்கும் ஆட்டோமேட்டா உண்டா?
– கணினி அறிவியல் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உண்டு. பாடத்திட்டமே எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி இது. நீங்கள் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மைக்கேல் கமின்ஸ்கியும் நிசிம் ஃபிரான்செஸும் 1994-இல் விரிவாக எழுதிய ஆட்டோமேட்டாவில் நிலைகளோடு (இயந்திரம் இருக்கக்கூடிய கட்டங்கள்) சில ரெஜிஸ்டர்களும், அதாவது ஒரு பெயரை நினைவில் வைக்கும் இடங்களும், இருக்கும். வருகிற பெயரை (இங்கே ஃபைலின் எண்ணை) ஒன்றில் போட்டு வைக்கலாம். பிறகு வருவது அதே பெயரா, வேறா என்று பார்க்கலாம். அவ்வளவுதான். ஆனாலும், மூடிய ஃபைலைப் படிக்கிற ப்ரோகிராமைப் பிடிக்க ஒரே ரெஜிஸ்டர் போதும்! ‘திற 7, திற 12, மூடு 12, படி 7, படி 12’ என்று பதிவு ஓடுகிறது. ‘மூடு 12’ வந்ததும், தவறு இதில்தான் நடக்கப்போகிறது என்று ஊகித்து இயந்திரம் 12-ஐ வைத்துக்கொள்கிறது. ‘படி 7’-ஐக் கண்டுகொள்வதில்லை. ‘படி 12’ வந்தவுடன் தவறு உறுதியாகிவிடுகிறது. இத்தகைய இயந்திரம் எந்த ‘மூடு’விலும் இப்படி ஊகிக்கலாம்; ஆயிரம் ஃபைல் திறந்திருந்தாலும் சாத்தியமான ஊகங்களில் ஒன்று பலித்தால் போதும். நடுவில் மறுபடி ‘திற 12’ வந்தால் மட்டும் அந்த ஊகத்தைக் கைவிட வேண்டும்.

மறுபக்கம்தான் கடினம். திறந்த ஃபைல் எல்லாம் மூடப்பட்டனவா என்று உறுதிசெய்ய எத்தனை ரெஜிஸ்டர் கொடுத்தாலும் போதாது. மூடாத ஒன்றைக் காட்டிக்கொடுக்கும் இயந்திரத்தால், எதுவும் விடுபடவில்லை என்று சாட்சி சொல்ல முடியாது. ஓர் இயந்திரம் ஏதேனும் ஒரு பதிவையாவது ஏற்குமா என்று கண்டறிய வழிமுறை இருக்கிறது. எல்லாவற்றையும் ஏற்குமா என்று கண்டறியப் பொதுவான வழிமுறையே இருக்க முடியாது என்று நிரூபித்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். யுனிக்ஸ் இயங்குதளத்தில் ஃபைலைத் திறந்தால், அந்த நேரத்தில் அந்த ப்ரோகிராம் பயன்படுத்தாத மிகச் சிறிய எண் கிடைக்கும். மூடிய 12 இன்னொரு ஃபைலுக்குப் போய்விடும். ஆகவே, இப்போது பயன்பாட்டில் இல்லாத எண் ஏற்கெனவே வந்ததாகவும் இருக்கலாம். இதுவரை ஒருமுறைகூட வராத பெயரா என்று கேட்பது வேறு சோதனை; ரெஜிஸ்டரில் இருப்பவற்றோடு ஒப்பிட்டு மட்டும் அதை அறிய இயலாது. நிகோஸ் செவெலெகோஸ் 2011-இல் அந்தச் சோதனையையே இயந்திரத்தின் அடிப்படைச் செயல்களில் ஒன்றாக்கினார்.

இதே துறையில் அமல்தேவ் மானுவலும் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய இரா. ராமானுஜமும் செய்த வேலையை அவசியம் தேடிப் படியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் ஆட்டோமேட்டா அது. எந்தப் பெயரும் இரண்டு முறைக்கு மேல் வரவில்லை என்பதை அது எளிதாகச் சரிபார்க்கும். அந்த இயந்திரத்தை வரைந்து பார்க்க ஒரே நிலை போதும்.