கூர்நோக்கு இல்லத்திலிருந்து வந்த மகன் தூங்குவதில்லை: கோத்தகிரி அக்காவுக்குப் பதில்

வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்பிய 15 வயது மகன் இரவெல்லாம் விழித்திருக்கிறான், கதவைத் தட்டினாலே வெலவெலத்துப் போகிறான், ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது திமிர் இல்லை அக்கா. பயம் இன்னும் அவன் உடம்பை விட்டுப் போகவில்லை.

நடந்ததைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அறைக்குள் போகுமுன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பின்னாலிருந்து தோளைத் தொட வேண்டாம். ராத்திரி விளக்கு எரியணுமா, அணையணுமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். அந்தச் சின்ன அதிகாரம் அவனுக்கு இப்போது ரொம்பவே தேவை.

அப்புறம், எஸ்டேட் லைன் வீடுகளில் யார் என்ன பேசினாலும் படிப்பை விடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி முடிந்த வழக்கு இந்த வயதுப் பையனின் எதிர்காலத்துக்குத் தடையாகாது. 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும், இலவசம்தான். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.